மகளுக்கு வாங்கிய ஏர் ரைஃபிள் நேராகச் சுடவில்லை: என்ன செய்வது?

கேள்வி: ஐயா, நான் மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ (.22, தோட்டா போட்டுச் சுடுவது) ரைஃபிளில் ஐந்து குண்டையும் ஒரே இடத்தில் போட்டாள் என்று அதிகாரி பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் இணையத்தில் பார்த்து 14,500 ரூபாய்க்கு ஒரு ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில் ‘நொடிக்கு 1250 அடி வேகம்’ என்று போட்டிருந்தது. ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) கூடவே வந்தது. முதல் வாரம் சுட்டபோது புகை வந்தது, வெடி மாதிரி சத்தம் கேட்டது. 10 மீட்டரில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. விற்றவரிடம் போனில் கேட்டோம். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விடச் சொன்னார், விட்டோம். என்.சி.சி.யில் சொல்லிக்கொடுத்தபடி மகள் தினமும் ராத்திரி குண்டு போடாமல் ட்ரிகர் பழகுவாள். இரண்டு மாதத்தில் இப்போது பெல்லட் அட்டைப்பெட்டியைக்கூடத் துளைப்பதில்லை. மாற்றித்தர மறுக்கிறார்கள். உங்கள் மகளுக்குச் சுடத் தெரியவில்லை என்கிறார்கள். அவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். மைத்துனர், “அதை என்கிட்ட கொடுங்க மாமா, வயல்ல மயில் விரட்ட ஆகும்” என்கிறார். வெளிநாட்டு ரைஃபிள் 2.5 லட்சம் என்கிறார்கள். கடன் வாங்கி அதை வாங்கிவிடலாமா?

பதில்: தம்பி, இந்தப் பதிலில் ஒரு வரியை முதலில் பாப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். சுடத் தெரியாத பிள்ளையால் பாயின்ட் டூ டூவில் ஐந்து குண்டை ஒரே இடத்தில் போட முடியாது. கண், மூச்சு, விரல் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும் அந்த க்ரூப்பிங் விழும். அது அவளிடம் இருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது, அது எங்கே என்று சொல்கிறேன்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்று, தஞ்சாவூரில் ஏர் ரைஃபிள் பழுது பார்க்கிறேன். பிள்ளைகளுக்குச் சுடவும் கற்றுக்கொடுக்கிறேன். 2022 ஜூலையில் திருச்சியில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்து, நடிகர் அஜித் வந்து சுட்டாரே, அதற்குப் பிறகு நம் பக்கத்தில் ஏர் ரைஃபிள் வாங்கும் ஆசை நிறையப் பேருக்கு வந்தது. நல்ல ஆசைதான். ஆனால் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நீங்கள் எழுதியிருக்கும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். பெட்டியில் இருந்த வேகத்தைப் பார்த்து வாங்கியிருப்பார்கள்.

அந்த வேகத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி, குழாயின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேலே இருந்தாலோ, குழாய் முனையில் பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலே இருந்தாலோ ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கு லைசென்ஸ் இல்லாமல் கிடைத்திருக்கிறது என்றால் அது 20 ஜூலுக்குள் இருந்தாக வேண்டும். வழக்கமான ஈயப் பெல்லட் 0.53 கிராம். 20 ஜூலில் அந்த எடையை நொடிக்கு 275 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. அதாவது சுமார் 900 அடி. பிறகு 1250 அடி எங்கிருந்து வந்தது? இறகு மாதிரி எடை குறைந்த, ஈயம் கலக்காத பெல்லட்டைப் போட்டு எடுத்த எண்ணாக இருக்கும். இல்லையென்றால் வெறும் விளம்பர எண். அப்படியும் இல்லாமல் உண்மையிலேயே ஈயப் பெல்லட் அந்த வேகத்தில் போனால், அது லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத துப்பாக்கி. மூன்றில் எது உண்மையானாலும் உங்களுக்குச் சாதகமில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளின் வேகம் நொடிக்கு 170, 175 மீட்டர்தான். அடியில் சொன்னால் 570 சொச்சம். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012இல் லண்டனில் ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இந்தப் பிரிவில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பேர் வாங்கியதும் இதில்தான். குறி அட்டையில் வளையங்கள் எல்லாம் சேர்ந்தே 45.5 மி.மீ. அகலம்தான். நடுவில் பத்து மதிப்பெண் தரும் இடம், அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைத் தொட வேகம் வேண்டாம். ஒவ்வொரு பெல்லட்டும் ஒரே மாதிரி வெளியே வர வேண்டும். அவ்வளவுதான்.

சரி, உங்கள் ரைஃபிளுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம்.

உங்களுடையது பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நசுக்கும், அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். சைக்கிள் பம்பு வேலை செய்கிற மாதிரியேதான். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும். முன்னால் போய் முட்டும்போது ரைஃபிள் முன்னால் இழுக்கும். இந்த இரண்டு குலுக்கலும் பெல்லட் பேரலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நடந்துவிடும். பாயின்ட் டூ டூவில் இந்த வம்பு இல்லை. அதில் பழகிய கை, ரைஃபிளைத் தோளில் அணைத்து இறுக்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் ரைஃபிளை அப்படிப் பிடித்தால், பிடியின் இறுக்கம் மாறும்போதெல்லாம் பெல்லட் வேறு வேறு இடத்துக்குப் போகும். இடது உள்ளங்கையை விரித்து, ரைஃபிள் எடை சரிபாதியாக நிற்கும் இடத்தில் அதன் மேல் சும்மா படுக்க வைக்க வேண்டும். தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். அது குலுங்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குலுங்கினால் சரி. வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

புகைக்கு வருவோம். தயாரிக்கும்போது பூசிய எண்ணெய் பிஸ்டன் அறையில் தங்கியிருக்கும். காற்று சட்டென்று நசுங்கும்போது சூடேறி அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். வயலில் டீசல் பம்புசெட்டு ஓடுகிறதே, அதில் பிளக் இல்லாமலேயே எரிபொருள் பற்றிக்கொள்வது இப்படித்தான். புது ரைஃபிளில் கொஞ்ச நாள் இது இருக்கும், ஒரு டப்பா பெல்லட் தீர்வதற்குள் தானாக அடங்கிவிடும். அடங்கும்வரை க்ரூப்பிங்கைப் பார்த்து வருத்தப்படவே கூடாது. ஏனென்றால் ஒரு குண்டுக்கு எரியும், அடுத்ததற்கு எரியாது. வேகம் தாறுமாறாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் உங்களைத் தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறார்கள். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். திருவாரூர் தேருக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் பலூன் சுடும் கடை போடுவார்களே, அந்தப் பழைய துப்பாக்கிகளில் பிஸ்டனுக்குத் தோல் வாஷர் இருக்கும். தோல் காய்ந்தால் காற்றுப் பிடிக்காது, அதனால் நாலு சொட்டு எண்ணெய் விடுவார்கள். அதற்கு அது சரி. இப்போது வருகிற ரைஃபிள்களில் வாஷர் செயற்கைப் பொருள். அதன் முன்னால் மெஷின் எண்ணெய் விட்டால் அது மறுபடி எரியும், எரிகிற சூட்டில் வாஷரின் விளிம்பு கருகும். அடங்கப் போன புகையை மறுபடி கிளப்பிவிட்டதுதான் மிச்சம்.

வாஷரை முழுவதுமாக முடித்தது இன்னொன்று. இதைப் பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குண்டில்லாமல் ட்ரிகர் பழகுவது என்.சி.சி.யிலும் ராணுவத்திலும் நல்ல பழக்கம். நானே ஆயிரக்கணக்கான ஜவான்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளில் பெல்லட்தான் காற்றை ஒரு நொடிப்பொழுது அடைத்து நிறுத்துகிறது. அந்தக் காற்று மெத்தையில்தான் பிஸ்டன் போய் இறங்குகிறது. பெல்லட் இல்லாவிட்டால் மெத்தை இல்லை, பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும். ராத்திரி ராத்திரி முப்பது நாற்பது தடவை என்று இரண்டு மாதம் மோதினால் வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் தளரும், சில சமயம் உடையவும் செய்யும். போன தையில் ஒரு ரைஃபிளைத் திறந்தேன். வாஷர் ஓரமெல்லாம் உதிர்ந்து, நடுவில் காசு மாதிரி ஒரு வட்டம்தான் மிஞ்சியிருந்தது. அதைக் கொண்டுவந்த பையனும் என்.சி.சி.தான். உங்கள் மகள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறாள். இந்த வகைக்கு அது ஆகாது என்பதை விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். இனி வீட்டில் ட்ரிகர் பழக வேண்டாம். ஸ்பிரிங் ஏற்றாமல், குறி பார்த்து அசையாமல் நிற்பதை மட்டும் பழகட்டும். அதில் பாதி வித்தை இருக்கிறது.

ஸ்கோப்பைக் கழற்றி வையுங்கள். நீங்கள் வாங்கியது மாதிரி கூடவே தரும் ஸ்கோப்புகள் முன்னும் பின்னும் குலுங்குவதைத் தாங்காது. பிடிப்பு வழுக்கிப் பின்னால் நகரும், உள்ளே இருக்கும் கண்ணாடியும் ஆடும். காலையில் சரிசெய்தது சாயங்காலம் தப்பும். அதைவிட முக்கியம், 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. பீப் சைட் என்கிற சின்னத் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அவள் போட்டிக்குப் போக நினைக்கிறாள் என்றால் ஸ்கோப்பில் பழகுவது வீண்.

எந்தப் பெல்லட் போட்டுச் சுட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் ரைஃபிளோடு இலவசமாக வந்ததாக இருக்கும். ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து வைத்து, பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி விடுங்கள். நல்லது ஒரே வளைவில் உருளும். பின்புற விளிம்பு நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தெரிந்த நகைக்கடையில் தராசு கேட்டு இருபது பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டும் பாருங்கள். கும்பகோணத்தில் என் நண்பர் கடையில் ஒருமுறை அப்படி எடை போட்டோம். ஒரே டப்பாவில் ஒன்று 0.47 கிராம், இன்னொன்று 0.55. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் எந்த ரைஃபிளும் ஒரே இடத்தில் போடாது. தட்டைத் தலை பெல்லட்டாக வாங்குங்கள். கூர்முனை பார்க்க வீரமாக இருக்கும், அட்டையில் கிழிசலாக விழும், துளையை அளக்கவும் முடியாது.

இனி சோதனை. மரச்சட்டத்தில் ரைஃபிளைப் பிடிக்கும் திருகுகள் முன்பக்கம் இரண்டு பக்கமும் இருக்கும், ட்ரிகர் காப்பிலும் இருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளின் குலுக்கலில் இவை தளர்ந்துகொண்டே வரும். என்னிடம் ‘சுடவில்லை’ என்று வரும் ரைஃபிள்களில் கணிசமானவை இந்தத் திருகை இறுக்கியதுமே சரியாகிவிடுகின்றன, நான் காசு வாங்குவதில்லை. அளவாக இறுக்குங்கள், மரத்தில் புதையும்படி வேண்டாம். பிறகு பேரல் மடங்கும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, பெல்லட் போட்டு ஒருமுறை சுடுங்கள். பேப்பர் பறந்தால் அங்கே உள்ள சின்ன ரப்பர் வளையத்தில் காற்று கசிகிறது. அது சில ரூபாய்ப் பொருள். பேப்பர் அசையவில்லை, வேகமும் இல்லை என்றால் உள்ளே வாஷரோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அதுதான் படுகிறது.

அதை மட்டும் வீட்டில் திறந்து பார்க்காதீர்கள். ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில் இருக்கும், பின்மூடியைக் கழற்றினால் முகத்தில் வந்து அடிக்கும். பெல்லட் போடும்போதும் ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் பேரல் படாரென்று நிமிர்ந்து விரலை நறுக்கிவிடும். சுடும்போது அட்டைக்குப் பின்னால் பலகை வைக்காதீர்கள், பெல்லட் திரும்பி வரும். மண் மூட்டை வைத்து, அதன் முன்னால் பழைய துணி திணித்த பெட்டியை வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுட்டு முடித்துச் சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், ஈயம் கையில் ஒட்டியிருக்கும்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே உப்பு ஜாடியே கசியும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஸ்பாஞ்ச் வைத்த பையில் ரைஃபிளை மூடி வைத்தால் அந்த ஸ்பாஞ்சே ஈரத்தைக் குடித்து இரும்பில் ஒட்ட வைக்கும். 2018 நவம்பரில் கஜா அடித்துப் போன பிறகு, வேதாரண்யத்திலிருந்து இரண்டு ரைஃபிள்கள் வந்தன. பைக்குள் பத்திரமாக இருந்தது என்றார்கள். திறந்தால் பேரல் முழுக்கப் பழுப்பு. பைக்கு வெளியே, காற்றோட்டமான அலமாரியில் பூட்டி வையுங்கள். எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியால் வெளி இரும்பை மட்டும் துடையுங்கள், கை பட்ட இடமெல்லாம்.

கடைக்காரர் விஷயம். பில், பெட்டியில் உள்ள வேக எண், முதல் வாரம் சுட்ட அட்டைகள், அவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கூட வந்த கையேட்டை எடுத்துப் படியுங்கள். பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது என்று அதில் இருந்தால், வாஷர் போனதற்கு அவர்கள் உங்கள் மேல் பழி போடுவார்கள். அதனால் வாஷரைப் பிடித்துத் தொங்காதீர்கள். முதல் வாரத்திலேயே சிதறியது, பொய் வேகம் எழுதியது, தப்பான எண்ணெய் யோசனை சொன்னது, இந்த மூன்றில் நில்லுங்கள்.

மைத்துனரிடம் ரைஃபிளைக் கொடுக்கவே கூடாது. மயில் நெல்லைத் தின்னும், எனக்கும் வயல் இருக்கிறது, அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் மேல் ஒரு பெல்லட் பட்டாலும் சிறைக்குப் போகிற குற்றம். ரைஃபிள் உங்கள் பேரில் வாங்கியது என்பதையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். கொக்கு, மைனா என்று எதன் மேலும் அதை நீட்டக் கூடாது. பாப்பா கற்றுக்கொள்கிற கலைக்கு அது பெரிய அவமானம்.

கடைசியாக அந்த 2.5 லட்சம். இப்போது வாங்காதீர்கள். பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் இப்படித்தான், பையனுக்காக நிலத்தை அடகு வைத்து, பழைய இறக்குமதி ரைஃபிள் ஒன்றை வாங்கி வந்தார். அழுத்தக் காற்று நிரப்பும் வகை. அந்த வகையில் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு, பொதுவாக 10 வருடம். சிலிண்டரிலேயே தேதி அச்சடித்திருக்கும். அவர் வாங்கியதில் அந்தத் தேதி தாண்டிப்போயிருந்தது. காலாவதியான சிலிண்டரில் 200 பார் அழுத்தம் ஏற்றுவது விளையாட்டில்லை, நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். புது சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆனது. அதுவும் வந்து பையன் எடுத்துப் பிடித்தால், கன்னத்தைச் சாய்க்கும் கன்னப்பலகை வலக்கைக்காரருக்கானது, பையன் இடக்கை. அந்த மனிதர் என் பட்டறைத் திண்ணையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆறு மாதம் பொறுங்கள். திருச்சியில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து தூரம்தான், மாதம் இரண்டு ஞாயிறு போனால் போதும். கிளப் ரைஃபிளில் பீப் சைட் வைத்துச் சுடட்டும். அதில் ட்ரிகரை 100 கிராம் அளவுக்குக்கூட லேசாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ரைஃபிளில் கிலோக்கணக்கில் அழுத்த வேண்டியிருக்கும், அந்த இழுப்பிலேயே குறி தப்பும். அவள் உயரத்துக்கு ரைஃபிளின் எந்தப் பிடிச்சட்டம் பொருந்துகிறது, எந்தக் கண் முந்துகிறது, எந்தப் பெல்லட் ஒத்துப்போகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிறகு வாங்கினால், நின்றபடி 60 குண்டு சுட்டுப் பார்த்து, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காசை எண்ணுங்கள். ரைஃபிளைத் தாங்கலில் அசையாமல் வைத்து ஐந்து குண்டு சுட்டால் போட்டி ரைஃபிள் ஏறக்குறைய ஒரே துளையாகப் போட வேண்டும். உங்களுடையதைப் போன்ற ஸ்பிரிங் ரைஃபிள், நல்ல நிலையில், நல்ல பெல்லட்டோடு, ஒரு ரூபாய்க் காசுக்குள் ஐந்தையும் போட்டால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்களுடையதையும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியும் என்றே நினைக்கிறேன். புது வாஷரும் ஸ்பிரிங்கும் மாற்றினால், பீப் சைட் கிடைக்கும்வரை திறந்த குறியில் வீட்டில் பழக அது போதும். புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அது முடியும்வரை யாரையும் திறக்க விடாதீர்கள், நானும் திறக்க மாட்டேன். முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் வாருங்கள். மிச்சமிருக்கும் பெல்லட் டப்பாவும், அவள் சுட்ட அட்டைகளும் இருக்கட்டும், எதையும் தூக்கிப் போட வேண்டாம். முதல் வாரத்து அட்டைகளில் எந்தப் பக்கம் அதிகம் போயிருக்கிறது என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.